இடது கை

வெடிச் சத்தம் கேட்டதும் மங்கையர்க்கரசியின் இடது கை தானாக இறுகிக்கொண்டது. மயில் விரட்டப் போட்ட வெடிதான். ஓடுபாதையின் நடுவில் நாலைந்து மயில்கள் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஜீப்பில் போன ஆள் ஒரு சரத்தைக் கொளுத்தி அவற்றின் முன்னால் வீசினான். பட்டப்படிப்பையும் விமானப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கிற இந்தக் கல்லூரியில் பொழுது இப்படித்தான் விடியும்: முதலில் வெடி, அப்புறம் புகை, அகவல், பிறகுதான் விமானம். விமானத்தை ஓடுபாதையின் முனையில் நிறுத்தி, என்ஜினை மெல்ல உறுமவிட்டு, அவள் காத்திருந்தாள். வலது இருக்கையில் கேப்டன் சாமுவேல் தனராஜ், அவளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பவர், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார். அத்தனை சின்ன விமானம் அது. இரண்டு பேர் உட்கார்ந்தால் இருவர் மூச்சும் ஒன்றாகிவிடும். அவர் காலையில் குடித்த காபியின் வாசனை அவளுக்கு வந்தது. அவளுடைய பயத்தின் வாசனை அவருக்குப் போயிருக்கும். “மயிலுக்கே நம்ம காலேஜ் டைம்டேபிள் மனப்பாடம் பிள்ளே, நீங்கதான் லேட்டா வாறீங்க,” என்றார். நாகர்கோவில் பேச்சு. அவள் சிரித்தாள். சிரித்தபோது மூக்குத்தண்டில் ஊசி ஏறியது. போன வாரம் அந்த மூக்கை உடைத்தது, இப்போது அவள் கையை உரசிக்கொண்டிருக்கிற அவருடைய இடது முழங்கைதான்.

உடைத்தது என்று சொல்லக்கூடாது. எலும்பு உடையவில்லை, ரத்தம் மட்டும்தான். அறைத்தோழி ஃபர்ஹானா ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, “மூக்கு கொஞ்சம் கோணினா நல்லதுதான்டீ, லைசென்ஸ் போட்டோல ஒரு கெத்து இருக்கும்,” என்றாள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, வெகுநேரம் கழித்து, “வலிக்குதா?” என்றாள். வலிக்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. அடி விழுந்த இடத்தில் வலிக்காமல் இருக்க அவள் ஆறு வயதிலேயே படித்துவிட்டாள். இங்கே மூன்று வருடமாகப் படிப்பதெல்லாம் அதற்கு மேல் படிப்பு: காற்றியல், வானிலை, வழி கண்டறிதல், விமானச் சட்டம். எல்லாத் தாளிலும் வகுப்பில் முதல். ஸ்டால் என்றால் என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் எழுதுவாள். என்ஜின் நின்றுபோவதல்ல அது. விமானத்தின் மூக்கை மேலே மேலே தூக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் கைவிடுவது. கைவிட்டதும் விமானம் கல்லாகிவிடும். ஒரு பக்கத்து இறக்கை முதலில் கைவிட்டால் சுழன்றுகொண்டு விழும். மீளும் வழி: எதிர்ப்பக்கக் கால்மிதியை அழுத்து, விமானத்தைத் தூக்கி இறக்கும் கைப்பிடியை முன்னால் தள்ளு, மூக்கைத் தரையை நோக்கி இறக்கு. விழுகிறவள் விழுகிற திசையிலேயே போக வேண்டும். தாளில் அவள் எத்தனையோ முறை அப்படி இறங்கி மீண்டிருக்கிறாள். மேலே போனால் மட்டும் அந்த இடது கை பிடியை நெஞ்சோடு இழுத்து வைத்துக்கொண்டு, செத்தவன் கை மாதிரி, திறக்க மாட்டேன் என்றது.

இன்னொரு வெடி. ஒரு மயில் மட்டும் போகவில்லை. தோகை ஓடுபாதையில் இழுபட, தலையைத் திருப்பி ஜீப்பைப் பார்த்தது. போ, சனியனே, போய்விடு, போன மாதம் அந்த நாய் போகாமல் நின்றதே. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற விமானத்துக்குக் கீழே நிழல் தேடி வந்த நாய். காற்றாடி சுழலும்போது அது இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, வெறும் வெளிச்சம்தான் தெரியும்; நாய் அந்த வெளிச்சத்துக்குள் நடந்து போயிற்று. குரைப்புக் கூட இல்லை. ஒரு மொத்தல், அப்புறம் விமானத்தின் வெள்ளை மூக்கில் சிவப்புத் தூறல். குழாய் வைத்துக் கழுவினார்கள், தண்ணீர் ரோஜா நிறத்தில் ஓடியது, வெயில் ஏறுவதற்குள் அதே விமானத்தில் ஃபர்ஹானா பறந்தாள். இறங்கி வந்து வாந்தி எடுத்தாள். “கழுவிட்டா சரியாப் போச்சா அரசி?” என்று கேட்டாள். கழுவினால் சரியாகத்தான் போகும். நாமக்கல்லில் அவர்கள் வீட்டு வாசற்படியை அம்மா கழுவுவாள், சுவரைக் கழுவுவாள், ஒரு தடவை காலண்டரைக் கூட ஈரத்துணியால் துடைத்தாள், முருகன் முகத்தில் தெறித்திருந்தது. மறுநாள் அப்பா புரோட்டா வாங்கி வருவார். சால்னாவைத் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றி, “சாப்புடு கண்ணு, சூடா இருக்குது,” என்பார். லாரி ஓட்டிக் காய்த்த கை. அந்தக் கையால் பிய்த்துக் கொடுத்தால் புரோட்டா பூ மாதிரி விரியும். டீக்கடையில் போய், “எம்புள்ள மேல ஓட்டப் போகுதுங்க, நானெல்லாம் தரையில ஓட்டுற பய,” என்று சொல்லிச் சிரிப்பார். லாரியின் பழைய ஃபேன் பெல்ட் ஒன்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அது எதற்கு என்று கேட்டதேயில்லை.

காலையில் அம்மா போன் செய்தாள். இன்றைக்கு முக்கியமான நாள் என்று அவளுக்குத் தெரியும், ஏன் முக்கியம் என்று தெரியாது. “கீழ பாக்காத கண்ணு, கீழ பாத்தாத்தான் கிறுகிறுன்னு வரும், மேலயே பாத்துட்டு ஓட்டு,” என்றாள். மேலே பார்த்தால் விழுவோம் அம்மா என்று சொல்ல வாயெடுத்தபோது பின்னாலிருந்து அப்பாவின் குரல்: “எவகூடடி இந்நேரத்துல?” அப்புறம் ஒரு சத்தம். போன் அறுந்தது. டம்ளர் விழுந்த சத்தமாக இருக்கும். எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் ணங் என்று விழுந்து உருளும். இது உருண்டதா? உருண்டது என்றுதான் நினைத்தாள். பல் தேய்க்கும்போது, உருளவில்லை என்று தோன்றியது. ணங் என்பதற்கு முன்னால் ஒரு பொத் இருந்தது. இல்லை, அது ஃபர்ஹானா பக்கெட்டை வைத்த சத்தம். திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. எடுத்தால் அம்மா என்ன சொல்வாள் என்றும் தெரியும்: “ஒண்ணுமில்ல சாமி, டம்ளரு.” எல்லாமே அவளுக்கு டம்ளர்தான்.

“போயிட்டு,” என்றார் கேப்டன். மயில் போயிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அனுமதி வந்தது. அவள் வாய் உரிய சொற்களைச் சொன்னது, வலது கை என்ஜின் விசையை முழுக்க முன்னால் தள்ளியது, பனைமரங்கள் பின்னால் ஓடின, சக்கரங்களின் அதிர்வு சட்டென்று நின்றது. இந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லாம். தரை விட்டுவிடும் நொடி. தரைக்கு அவள் மேல் எந்தப் பிடியும் இல்லாமல் போகும் நொடி. பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது விமான ஓட்டி என்று யாரோ சொன்னதும் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான், அவ்வளவு உயரத்துக்கு ஃபேன் பெல்ட் எட்டாது. சீமைக்கருவேலங்காடு கீழே இறங்கிப் பாசியாகிவிட்டது. கண்மாய் உடைந்த கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. “கேளு பிள்ளே,” என்றார் அவர், ஹெட்போனில் அவர் குரல் அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தது. “இன்னைக்கி நான் தொட மாட்டேன். நீயே விழவை, நீயே எடு. எடுத்துட்டேன்னா நாளைக்குத் தனியாப் போ. எடுக்கலைன்னா நான் காலேஜுக்கு எழுதிருவேன். டிகிரிய வாங்கிக்க, நல்லாப் படிக்குத, ஏர்போர்ட்டுல ஏதாவது மேசை வேலை கெடைக்கும். பறக்கது வேண்டாம். உன்னையக் கொல்ல எனக்கு மனசில்ல, உங்கூடச் சாவவும் மனசில்ல.” அவள், “சரிங்க சார்,” என்றாள். மேசை வேலை கிடைக்கிறவரை வீட்டில் இருக்க வேண்டும். அந்தச் சமையலறைக் கதவு. வீட்டுக்குப் போனால் அவளும் சுவரைக் கழுவுவாள்.

விசையைப் பின்னால் இழுத்தாள். என்ஜின் அடங்கியது. மூக்கைத் தூக்கினாள், இன்னும், இன்னும், வானம் மட்டும் தெரிகிறவரை. மேலேயே பாத்துட்டு ஓட்டு கண்ணு. காற்றின் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. போன வாரமும் இதே இடம்தான், இதே நீலம். அன்றைக்கு எச்சரிக்கை ஊதல் ஈனமாகத் தொடங்கியது, இறக்கை நடுங்கியது, அப்புறம் தரை எங்கோ ஒரு பக்கத்திலிருந்து சுவர் மாதிரி எழுந்து வந்தது. கேப்டன், “ஐ ஹேவ் கண்ட்ரோல்,” என்றார், விமானத்தை என்னிடம் கொடு என்று அதற்கு அர்த்தம். அதைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டு, “யூ ஹேவ் கண்ட்ரோல்,” என்று சொல்ல வேண்டும். முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. அவள் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள், தேர்வறையில் சொல்வது போல. வாய் கொடுத்துவிட்டது, கை கொடுக்கவில்லை. அவர் தள்ளினார், அவள் இழுத்தாள், “விடு, விடுட்டீ, விடு,” என்று கத்தினார், அவள் மறுபடியும் மரியாதையாக, “யூ ஹேவ் கண்ட்ரோல், சார்,” என்றாள். அப்போதுதான் முழங்கை வந்தது. மூக்கில் இடி. கண்ணுக்குள் மின்னல். முன்கண்ணாடியில் தெறித்த சிவப்புக்குப் பின்னால் உலகம் சுற்றியது. அடித்தது நியாயம்தான். உறைந்துபோன கையை அடித்துத்தான் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேரும் சாவார்கள், பழைய பயிற்சியாளர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள், சொல்லிச் சிரிப்பார்கள், இறங்கியதும் டீ வாங்கிக் கொடுப்பார்கள். நியாயம்தான். அங்கேதான் அவள் சிக்கிக்கொண்டாள். அடி நியாயமாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் வாசலைத் திறந்துவிட்டது மாதிரி எல்லா அடியும் உள்ளே வந்துவிடுகிறது. அப்பாவும் ஒவ்வொரு தடவையும் காரணம் சொல்வார். குழம்பில் உப்பு. கேட்டதற்குப் பதில் வரவில்லை. பதில் வந்தது. அப்படியானால் விரலை மடக்கித் தவறாகப் பிடித்ததற்கும், ரேடியோவில் ஒரு சொல் விட்டுப்போனதற்கும் இவர் எண்ணெய் அளக்கிற குச்சியால் அவள் விரல் முட்டிகளில் தட்டுகிறாரே, அது?

இன்றைக்கும் இறக்கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கை, கை, இதோ இறுகுகிறது. உள்ளங்கையில் இரும்பு வாசனை. இந்தப் பிடி பிளாஸ்டிக், இதில் இரும்பு வாசனை வராது, ஆனாலும் வந்தது. ஜன்னல் கம்பியின் வாசனை. துருவும் வியர்வையும். ஆறு வயது. அப்பா லாரியை நிறுத்தும் சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும், எப்படிப்பட்ட சாயங்காலம் என்று. ஓடி வந்து அவளைத் தூக்கி ஜன்னல் திட்டில் நிறுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கம்பியைச் சுற்றி வைப்பாள். “இதைப் புடிச்சுக்க கண்ணு. அம்மா விடச் சொல்ற வரைக்கும் விடப்படாது. இந்தப் பக்கம் திரும்பப்படாது. அங்க பாரு, தீப்பொறி பறக்குது பாரு.” எதிரே லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை. வெல்டிங் பொறி பூவாணமாகச் சிந்தும். அவள் பூவாணத்தைப் பார்ப்பாள். முதுகுக்குப் பின்னால் ஃபேன் பெல்ட் காற்றைக் கிழிக்கும், அந்த ஓசைக்கும் அடுத்த ஓசைக்கும் நடுவில் அம்மா நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள், வளையல் மரத்தில் கிறீச்சிடும். அம்மாவும் விடமாட்டாள். எல்லாம் முடிந்ததும், “செரி கண்ணு, விடு,” என்பாள், அவள் விடுவாள். ஒருநாள் அம்மா சொல்லவில்லை. வாய் கிழிந்திருந்தது, சொல்ல வாய் இல்லை. அவள் நின்றாள். பட்டறையில் பொறி அணைந்தது, தெருவிளக்கு எரிந்தது, கொசு பிடுங்கியது, காலோடு மூத்திரம் போயிற்று, அவள் நின்றாள். பக்கத்து வீட்டு சரசக்கா வந்து விரல்களை ஒன்றொன்றாகப் பிரித்தாள். “அடிப் பாவி, புள்ள கை வெறைச்சுப் போச்சே,” என்று அழுதாள். பிரித்தது சரசக்கா. விடச் சொன்னது யாரும் இல்லை. இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அந்த ஜன்னல் திட்டில்தான் அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள், மூன்று வருடப் படிப்பும் சீருடையும் தோளில் பட்டையுமாக.

ஊதல் அலறியது. இடது இறக்கை கைவிட்டது. வானம் உருவி எறியப்பட்டது, முன்கண்ணாடி முழுக்கத் தரை. கண்மாய், பனை, சாலை. கண்மாய், பனை, சாலை. செத்தோம். கண்மாய், பனை. பின்னால் பெல்ட் காற்றைக் கிழிக்கிறது, திரும்பப்படாது, பிடி, பிடி, அம்மா சொல்ற வரைக்கும். அம்மா எங்கே. போன் அறுந்தது. உருளவில்லை, அந்த டம்ளர் உருளவே இல்லை. அம்மா இப்போது அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், வாய் கிழிந்திருக்கிறது, சொல்ல மாட்டாள், இனிமேல் ஒருநாளும் சொல்ல மாட்டாள். சாலை, கண்மாய், பனை. சொல்லப் போகிற ஆள் இல்லை. அது அவளுக்குள் மிகச் சாதாரணமாக விழுந்தது, யாரோ பக்கத்து அறையில் பேசுவது போல. சொல்ல ஆளில்லை என்றால் சொல்லிக் கேட்க வேண்டியதும் இல்லை. அவள் கீழே பார்த்தாள். நன்றாக, கண்ணை அகலத் திறந்து, தன்னைக் கொல்ல வருகிற தரையைப் பார்த்தாள். வலது கால் தன் பாட்டுக்கு அழுத்தியது. சுண்டு விரல் முதலில் திறந்தது, அப்புறம் மோதிர விரல், சரசக்கா பிரித்த வரிசையில். திறந்த உள்ளங்கையால் பிடியை முன்னால் தள்ளினாள், தரையை நோக்கி, அடிக்கிற கையை நோக்கியே நடந்து போகிறவள் மாதிரி. சுழற்சி நின்றது. பனை நின்றது. சாலை நேர்கோடாக நின்றது. அந்த அமைதிக்குள் வந்து இறங்கியது முழங்கை.

மூக்கில் அதே இடம். அதே மின்னல். ஆனால் கை அசையவில்லை. மெல்ல, முட்டையைத் தூக்குகிற பதத்தில் மூக்கை உயர்த்திக்கொண்டு வந்தாள், என்ஜினுக்கு உயிர் கொடுத்தாள், தொடுவானம் கோணாமல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. உதட்டில் உப்பு. மேல்சட்டையில் சொட்டியது. பக்கத்தில் அவர் மூச்சு வாங்கினார். அவளை உரசிய அந்த முழங்கை உதறிக்கொண்டிருந்தது, மழையில் நனைந்த கோழி உதறுவது போல. அவருக்குப் பயம். அப்படியானால் போன வாரமும் பயம்தான். குச்சியால் தட்டியபோதெல்லாம் பயம்தான். பயந்தவன்தான் அடிக்கிறான் என்று தெரிந்துவிட்டால் அடி வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. வலித்தது. முதல் தடவையாக, ஆறு வயதுக்கு அப்புறம் முதல் தடவையாக, அடி விழுந்த இடத்தில் உயிர் போக வலித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

“ஐ ஹேவ் கண்ட்ரோல்,” என்றார் அவர், குரல் பிசிறியது. அவள் இரண்டு கைகளையும் எடுத்தாள். எடுத்து, அவர் பார்க்கும்படியாக, விரல்களை விரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். “யூ ஹேவ் கண்ட்ரோல்.” இடது உள்ளங்கையில் ஒரு துளி விழுந்து ரேகை வழியே ஓடியது.

“நீ விடலைன்னு நெனச்சேன் பிள்ளே.”

“விட்டுட்டேனுங்க சார்.”

“எப்பம்?”

“நீங்க அடிக்கறதுக்கு முன்னாடியேங்க.”

அவர் பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார், நீட்டினார், அவள் வாங்காததால் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். “நான் விடுன்னு சொல்லவே இல்லியே,” என்றார், யாரிடமோ கேட்பது போல.

“இல்லீங்க சார். யாரும் சொல்லல.”

வெகுதூரத்தில் ஓடுபாதை ஒரு கம்பியாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் மயில்கள் மறுபடியும் வந்திருக்கும், ஜீப்புக்காரன் அடுத்த சரத்தைப் பிரித்துக்கொண்டிருப்பான். “நாளைக்குத் தனியாப் போ,” என்றார் கேப்டன். அப்புறம் விமானத்தை அவளிடமே கொடுத்தார். அவள் இரண்டு விரல்களாலும் கட்டைவிரலாலும் மட்டும் பிடியைத் தொட்டாள். அதுவே போதுமாக இருந்தது, அது தானாகப் பறந்தது. இறங்கியதும் நாமக்கல்லுக்குப் போன் செய்ய வேண்டும். எடுக்கும்வரை அடிக்க வேண்டும். அப்பா எடுத்தால், அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். அம்மா, டம்ளரு கண்ணு என்பாள். சொல்லட்டும். சொல்லி முடித்ததும் அந்த ஒரு சொல்லை அவளிடம் சொல்லிவிட வேண்டும், நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் நிற்கிறாளே, அவளுக்கும்தான் யாரும் சொல்லவில்லை.